பூட்டிய வீட்டில் ‘யெஸ்’ சொன்னது யார்?

2005 ஜனவரி 8, சனிக்கிழமை
வாசகர் கேள்வி

டிசம்பரில் மூன்று வாரம் மதுரை போய்விட்டுப் போன திங்கள்தான் நியூஜெர்சி திரும்பினோம். நாங்கள் இல்லாத நாட்களில் 6 கலெக்ட் கால் வந்ததாக டெலிபோன் பில்லில் 43 டாலர் 14 சென்ட் போட்டிருக்கிறார்கள். கலெக்ட் கால் என்றால் இந்தப் பக்கம் ஒருவர் எடுத்து, காசு நான் தருகிறேன் என்று சொன்னால்தானே இணைப்பு கிடைக்கும்? வீட்டுச் சாவி பக்கத்து வீட்டுப் பையனிடம் இருந்தது, செடிக்குத் தண்ணீர் விட. அவனைத் தவிர யாரும் உள்ளே வந்திருக்க முடியாது. அவன் அப்பா அம்மாவிடம் நாசூக்காக எப்படிப் பேச்சை எடுப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

2005 ஜனவரி 8, இரவு 11.40

பேச்சையே எடுக்காதீர்கள். நாசூக்காகவும் வேண்டாம்.

முதலில் ஒன்று செய்யுங்கள். செல்போனிலிருந்து உங்கள் வீட்டு எண்ணைக் கூப்பிடுங்கள். யாரும் எடுக்க வேண்டாம், மணி அடித்து ஓய்ந்து வாய்ஸ் மெயில் பேசட்டும். அது பேசுவதைக் கடைசிவரை கேளுங்கள். நீங்கள் பதிந்து வைத்த குரல்தானா என்று பாருங்கள். கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள்.

இது எனக்கு நடந்திருக்கிறது. நாளைக்கு விவரமாக எழுதுகிறேன்.

2005 ஜனவரி 9, ஞாயிறு

2003 ஜூன் கடைசியில் குடும்பத்தோடு பாளையங்கோட்டை போனோம். ஐந்து வாரம். எங்கள் வீட்டுச் சாவியும் ஒரு பையனிடம்தான் இருந்தது. எதிர் வீட்டுக் குஜராத்திக் குடும்பத்துப் பிள்ளை, அப்போது கல்லூரியில் முதல் வருடம். நாங்கள் திரும்பியபோது கறிவேப்பிலைத் தொட்டி போனபோது இருந்ததைவிடச் செழிப்பாக இருந்தது. வந்த தபாலையெல்லாம் வாரம் வாரமாகப் பிரித்து ரப்பர் பேண்ட் போட்டுச் சமையல் மேடையில் அடுக்கியிருந்தான். அந்த அடுக்கின் நடுவில்தான் பில் இருந்தது. 412 டாலர் 60 சென்ட். எங்கள் வீட்டில் 50 டாலரைத் தாண்டியதே கிடையாது.

நாலாவது பக்கத்தில் 9 கலெக்ட் கால்கள். எல்லாம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு தொடங்கி ஞாயிறு மத்தியானத்துக்குள் முடிந்தவை. எல்லாமே பிலிப்பைன்ஸ். ஒன்று மட்டும் 47 நிமிடம்.

கம்பெனிக்குப் போன் பண்ணினேன். எடுத்த பெண்மணி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் திரும்பத் திரும்ப ஒரே பதில். உங்கள் எண்ணில் யாரோ எடுத்து ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், எங்கள் பதிவில் அப்படித்தான் இருக்கிறது, வீட்டில் விசாரித்துப் பாருங்கள். அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. வீட்டில் விசாரி என்றால் யாரை? நாங்கள் எல்லோரும் ஊரில் இருந்தோம். மிச்சம் ஒரே ஒரு ஆள்.

அன்று சாயங்காலமே அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். குற்றம் சாட்டவில்லை என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். நண்பர்கள் யாராவது வந்தார்களா, போன் மணி அடித்து எடுத்தாயா, இப்படி. இல்லை அங்கிள் என்றான். சரி என்று விட்டிருக்கலாம். பில்லை எடுத்துக் காட்டினேன். அதைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றான்.

மறுநாள் கதவைத் தட்டினான். உள்ளே வரவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் மாலை வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வாரத்து நேரச் சீட்டை எடுத்து வந்திருந்தான். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், ஒவ்வொன்றின் அடியிலும் நீல பால்பாயிண்ட் கோடு. பக்கத்தில் என் பில்லில் இருந்த கால்களின் நேரத்தைச் சின்ன எழுத்தில் குறித்திருந்தான். ஒன்பதில் ஆறு, அவன் கடையில் நின்றுகொண்டிருந்த நேரம். “மிச்சம் மூணுக்கும் தூங்கிட்டிருந்தேன் அங்கிள், அதுக்குச் சீட்டு இல்லை” என்று சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான்.

அவன் சொன்ன மாதிரியே இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் உங்கள் பக்கத்து வீட்டுப் பையனைக் கேட்டால் அவனும் எதையாவது எடுத்துக்கொண்டு வந்து நிற்பான். அதைத் திருப்பி வாங்க முடியாது.

விஷயம் வெளிப்பட்டது ஒரு வாரம் கழித்து. கிளீவ்லாந்திலிருந்து என் சித்தப்பா மகன் பேசினான். “உங்க வீட்டு மெஷின்ல பெரியப்பா குரலைக் காணோமே அண்ணா, எவனோ யெஸ் யெஸ்னு சொல்றான், ராங் நம்பர்னு ரெண்டு தடவை வெச்சுட்டேன்” என்றான்.

உடனே செல்போனில் எங்கள் எண்ணை அடித்து ஸ்பீக்கரில் போட்டோம். நாலு மணி அடித்தது. அப்புறம் ஒரு இளைஞன் குரல், பின்னால் எங்கேயோ டிவி ஓடும் சத்தம். “யெஸ்.” இரண்டு விநாடி இடைவெளி. “யெஸ். யெஸ் ஆபரேட்டர், ஐ வில் அக்செப்ட் த சார்ஜஸ்.” மறுபடி இடைவெளி. “யெஸ்.” என் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

அந்த இடைவெளிதான் திறமை. எதிரில் ஒரு இயந்திரம் கேள்வி கேட்டு முடிக்கும் நேரத்துக்கு அளந்து விட்ட இடைவெளி.

2005 ஜனவரி 9, மாலை

காலையில் எழுதியதில் எப்படி நடந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

கலெக்ட் கால்களுக்கு இப்போது பெரும்பாலும் மனித ஆபரேட்டர் கிடையாது. கம்ப்யூட்டர் கூப்பிடும், இன்னாரிடமிருந்து கலெக்ட் கால், ஏற்கிறீர்களா என்று கேட்கும், ‘யெஸ்’ என்ற சொல் காதில் விழுந்தால் இணைத்துவிடும். சொன்னது மனிதனா, பதிந்த குரலா என்று அதற்குத் தெரியாது.

நம் வாய்ஸ் மெயில் பெட்டிக்கு நாலு இலக்க ரகசிய எண் உண்டு. கம்பெனி கொடுத்தபடியே விட்டுவைத்தவர்கள் ஏராளம். எனக்குக் கொடுத்தது போன் எண்ணின் கடைசி நாலு இலக்கம். நான் மாற்றவில்லை. 1234 வைத்திருப்பவர்களும் இதே கதிதான். மோசடிக்காரர்கள் வரிசையாக எண்களைப் போட்டுப் பார்க்கிறார்கள், திறக்கிற பெட்டியில் நுழைந்து வரவேற்புச் செய்தியை மாற்றிவிடுகிறார்கள். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யே இதைப் பற்றி மக்களுக்கு எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. பிலிப்பைன்ஸ், சவுதி அரேபியா என்று அதில் நாட்டின் பெயர்கூட இருக்கிறது.

2005 ஜனவரி 9, இரவு

ஒரு திருத்தம். என் ஒன்பது கால்களையும் கலெக்ட் கால் என்று எழுதிவிட்டேன். பழைய பில்லை எடுத்துப் பார்த்தேன். இரண்டுதான் கலெக்ட். மிச்சம் ஏழும் ‘மூன்றாம் எண்’ கால்கள். அதாவது யாரோ ஒருவர் எங்கிருந்தோ இன்னொருவரைக் கூப்பிடுவார், கணக்கை மூன்றாவதாக ஒரு எண்ணில் எழுதச் சொல்வார். ஆபரேட்டர் அந்த மூன்றாம் எண்ணைக் கூப்பிட்டுச் சம்மதம் கேட்கும். அங்கே ‘யெஸ்’ விழுந்ததும் அந்த வேலை முடிந்தது. பிறகு அவர்கள் இரண்டு பேரும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம். 47 நிமிடம் எங்கள் வாய்ஸ் மெயிலோடு யார் பேசியிருக்க முடியும் என்று அப்போது மண்டையை உடைத்துக்கொண்டேன். யாரும் எங்கள் பெட்டியோடு பேசவே இல்லை.

உங்கள் பில்லில் எந்த வகை என்று பாருங்கள். முக்கியம்.

2005 ஜனவரி 11

கேள்வி கேட்டவர் இன்னும் வரவில்லை. டல்லாஸ்காரர் கேட்டிருப்பதற்குப் பதில் சொல்கிறேன். யார் என்றே தெரியாத கம்பெனியின் பெயர் நம் பில்லில் எப்படி வருகிறது?

1984 ஜனவரி 1 அன்று பழைய டெலிபோன் கம்பெனியான ஏ.டி.அண்ட்.டி. உடைந்து ஏழு வட்டாரக் கம்பெனிகள் வந்தன. உள்ளூர் இணைப்பு ஒருவரிடம், நெடுந்தூரம் வேறொருவரிடம் என்று ஆனது. வீட்டுக்கு வீடு பில் அனுப்பும் வசதி உள்ளூர் கம்பெனியிடம்தான் இருந்தது. அதனால் மற்றவர்கள் தங்கள் கணக்கையும் அதே பில்லில் சேர்த்து அனுப்பும் ஏற்பாடு வந்தது. நடுவில் தரகர்கள் உண்டு. கால் ஏற்பாடு செய்யும் கம்பெனி தன் பட்டியலைத் தரகரிடம் கொடுக்கும், தரகர் பல கம்பெனிகளின் பட்டியலைச் சேர்த்து உள்ளூர் கம்பெனியிடம் கொடுப்பார், அவர்கள் நம் பில்லில் ஒரு பக்கம் கூட்டி அச்சடிப்பார்கள். வசூலான பணம் அதே வழியில் திரும்பிப் போகும், போகிற வழியில் ஒவ்வொருவரும் தன் பங்கை எடுத்துக்கொண்டு.

இந்தச் சங்கிலியில் யாரும் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை என்பதைக் கவனியுங்கள். கிரெடிட் கார்டு என்றால் எண் வேண்டும், தேதி வேண்டும். இங்கே நம் போன் எண் போதும். அது டைரக்டரியிலேயே அச்சாகியிருக்கிறது.

உள்ளூர் கம்பெனியைத் திட்டினால் நாங்கள் வெறுமனே பில் அச்சடிப்பவர்கள் என்பார்கள். விடாதீர்கள். அச்சடித்தவர்கள்தான் வசூலிக்கிறார்கள். வரவு வைக்கும் அதிகாரம் அவர்களிடம் இருக்கிறது.

2005 ஜனவரி 12

நான் செய்த வரிசையை எழுதச் சொன்னார்கள்.

தகராறு இல்லாத தொகையை உரிய தேதிக்குள் கட்டினேன். காசோலையோடு ஒரு கடிதம்: இன்ன பக்கம், இன்ன 9 வரி, மொத்தம் இவ்வளவு, இவற்றை நான் ஏற்கவில்லை, மிச்சத்தைக் கட்டிவிட்டேன். முழுதாகக் கட்டிவிட்டுத் திருப்பிக் கேட்டால் அலைய வேண்டும். ஒன்றுமே கட்டாமல் இருந்தால் தவறு நம் பக்கம் வந்துவிடும்.

இணைப்பைத் துண்டித்துவிடுவார்களோ என்று என் மனைவி பயந்தாள். நியாயமான பயம், பிள்ளைகள் சின்னவர்கள். 1999-ல் எஃப்.சி.சி. கொண்டுவந்த பில்லிங் விதிப்படி, எந்தக் கட்டணத்தைக் கட்டாவிட்டால் உள்ளூர் இணைப்பு போகும், எதைக் கட்டாவிட்டால் போகாது என்பதைப் பில்லிலேயே பிரித்துக் காட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டணத்துக்கும் பின்னால் இருக்கும் கம்பெனியின் பெயரும், கேட்பதற்கு இலவச எண்ணும் இருக்க வேண்டும். பொடி எழுத்தில் இருக்கும், தேடுங்கள்.

பிறகு அந்தக் கால்களை ஏற்பாடு செய்த ஆபரேட்டர் கம்பெனியைக் கூப்பிட்டேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: ஏற்றவர் யார் என்பதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது? குரல் பதிவு இருக்கிறதா, பெயர் இருக்கிறதா? எதிரில் இருந்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘ஏற்கப்பட்டது’ என்ற குறியீடு மட்டும் இருக்கிறது என்றார். அதை அவர் வாயாலேயே சொல்ல வைத்து, நாள், நேரம், அவர் பெயர் எல்லாம் எழுதிக்கொண்டேன்.

அதோடு எஃப்.சி.சி.க்குப் புகார். 475 என்ற படிவம், காசு இல்லை. புகார் போய்ச் சேர்ந்தால் கம்பெனி 30 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். எனக்கு 26-வது நாள் வந்தது. முழுத் தொகையும் வரவு.

2005 ஜனவரி 12, சற்று நேரம் கழித்து

அப்பாவின் குரலைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். 2001-ல் எங்களோடு நாலு மாதம் இருந்தார். அப்போது அவரிடம் விளையாட்டாகப் பேசச் சொல்லிப் பதிந்தது. “நாங்க யாரும் இப்ப வீட்ல இல்ல, பேர் சொல்லுங்க, வந்ததும் கூப்பிடச் சொல்றேன்” என்று தமிழிலும், அப்புறம் நிறுத்தி நிதானமாக ஆங்கிலத்திலும் சொல்வார். 2002 டிசம்பரில் போய்விட்டார். அதற்குப் பிறகு அதை மாற்ற எங்களுக்கு மனம் வரவில்லை.

கம்பெனியில் கேட்டேன். புதியது பதிந்தால் பழையது அழிந்துவிடும், மீட்க முடியாது என்றார்கள். டாலர் திரும்பி வந்தது.

2005 ஜனவரி 15

தடை பற்றி. உள்ளூர் கம்பெனியைக் கூப்பிட்டு, கலெக்ட் கால், மூன்றாம் எண் கால் இரண்டையும் என் எண்ணில் தடுத்துவிடுங்கள் என்று சொல்லுங்கள். இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள், ஒன்றை மட்டும் போட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள். அவர்கள் பாஷையில் இதற்கு ‘பில்டு நம்பர் ஸ்கிரீனிங்’ என்று பெயர். அந்தப் பெயரைச் சொன்னதும் மேலதிகாரிக்கு மாற்றாமல் அங்கேயே முடித்துக் கொடுத்தார்கள். என்னிடம் காசு வாங்கவில்லை. உறுதிப்படுத்தும் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

இது முழுக் கவசம் அல்ல. ஆபரேட்டர் கம்பெனி ஒவ்வொரு காலுக்கும் தடைப் பட்டியலைச் சரிபார்த்தால்தான் வேலை செய்யும்.

2005 ஜனவரி 16

பொங்கல் வாரம், எல்லோரும் பழைய கதைக்குப் போய்விட்டோம். நானும் ஒன்று.

கலெக்ட் காலுக்காக 1990களில் பெரிய சண்டையே நடந்தது. எம்.சி.ஐ. என்ற நெடுந்தூரக் கம்பெனி 1993-ல் 1-800-கலெக்ட் என்று தொடங்கி விளம்பரமாகக் கொட்டியது. ஏ.டி.அண்ட்.டி. பதிலுக்கு 1-800-ஆபரேட்டர் என்று கொண்டுவந்தது. ஆங்கிலத்தில் ஆபரேட்டர் என்பதன் கடைசியில் வரும் ‘or’ என்பதைப் பலர் ‘er’ என்று தப்பாக எழுதுவார்கள் என்று கண்டுபிடித்து, அந்தத் தப்பான எழுத்தில் வரும் எண்ணை எம்.சி.ஐ. எடுத்துக்கொண்டது. ஏ.டி.அண்ட்.டி. காசு செலவழித்து விளம்பரம் செய்ய, எழுத்துப் பிழை விடுகிறவர்களின் கால் எல்லாம் எம்.சி.ஐ.க்குப் போனது.

கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வந்ததும் மக்களும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்கும் இடைவெளியில் ‘ஏர்போர்ட்டுக்கு வந்தாச்சு கூட்டிப் போ’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவது. எதிர்முனையில் அதைக் கேட்டுவிட்டு ஏற்க மாட்டேன் என்று வைத்துவிடுவார்கள். காசு கிடையாது.

நம் ஊர் மிஸ்டு கால் இதற்கு அண்ணன். அதற்கும் முந்தி டிரங்க் கால் காலத்தில் பி.பி. கால் இருந்தது, குறிப்பிட்ட ஆள் வந்து பேசினால்தான் நிமிடக் கணக்கு ஓடும். என் தாத்தா சென்னைக்குப் போய்ச் சேர்ந்தால் எதிர்க்கடைக்கு பி.பி. கால் போட்டு, இல்லாத ஒரு பெயரைச் சொல்லிக் கேட்பார். ‘அப்படி யாரும் இல்லையே’ என்று கடைக்காரர் வைத்துவிட்டு வந்து ‘தாத்தா சுகமாப் போய்ச் சேர்ந்துட்டார்’ என்று ஆச்சியிடம் சொல்வார்.

2005 ஜனவரி 17

வேறு ஒரு மோசடியையும் சொல்லிவிடுகிறேன், ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கும் வீடுகளுக்காக. சிறையிலிருந்து கலெக்ட் கால் வரும். போலீஸ் பேசுகிறேன், உங்கள் வீட்டாருக்கு விபத்து, இந்த எண்ணைக் கூப்பிடுங்கள் என்று *72-ல் தொடங்கும் ஒரு எண்ணைத் தருவார்கள். *72 என்பது கால் ஃபார்வர்டிங். அடித்த நொடியிலிருந்து உங்களுக்கு வரும் அழைப்பெல்லாம் அவர்கள் சொன்ன எண்ணுக்குப் போகும். பிறகு அவர்கள் கலெக்ட் கால் போட, அங்கே அவர்கள் ஆள் எடுத்துச் சம்மதிக்க, கணக்கு உங்கள் பில்லில். ரத்து செய்ய *73.

சிறையிலிருந்து வரும் கலெக்ட் காலை எடுக்கவே எடுக்காதீர்கள். அத்தனையும் ஏமாற்று.

2005 ஜனவரி 22

கேள்வி கேட்டவர் வந்துவிட்டார். வாய்ஸ் மெயிலைக் கேட்டுப் பார்த்தாராம். அவர் மகள் குரல்தான், பதிந்தபடியே இருக்கிறது. ‘அப்படியானால் பையன்தான் என்று ஆகிவிட்டது’ என்று எழுதியிருக்கிறார்.

இல்லை. ஒரு நாள் பொறுங்கள். பில்லில் ‘எந்த எண்ணுக்கு வந்தது’ என்ற கட்டம் இருக்கும். அதைப் பார்த்துச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம், எங்கிருந்து என்பதையும்.

2005 ஜனவரி 23

பார்த்தீர்களா.

ஆறு காலும் அவர் வீட்டு எண்ணுக்கு வரவில்லை. இரண்டாவது இணைப்புக்கு வந்திருக்கின்றன. அந்த இணைப்பு பேஸ்மெண்டில் ஃபேக்ஸ் மெஷினில் செருகியிருக்கிறது. அதில் போன் கிடையாது, வாய்ஸ் மெயில் கிடையாது. எல்லாம் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். ஒவ்வொன்றும் ஏழு டாலர் சொச்சம். எல்லாம் அமெரிக்காவுக்குள்ளிருந்தே.

ஃபேக்ஸ் மெஷின் ‘யெஸ்’ சொல்லாது. பையன் பேஸ்மெண்டுக்கே போயிருந்தாலும் எடுத்துப் பேச அங்கே ரிசீவர் இல்லை. கால் என்று ஒன்று வரவே இல்லை. யாரோ ஒரு பட்டியலில் உங்கள் இரண்டாவது எண்ணை எழுதி, ஏழு டாலர் என்று போட்டு, தரகரிடம் கொடுத்திருக்கிறார்கள். ஏழு டாலருக்காக யார் சண்டை போடப் போகிறார்கள் என்ற கணக்கு.

என் தப்பையும் சொல்ல வேண்டும். எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடந்தது என்று இரண்டு வாரமாக அடித்துப் பேசிக்கொண்டிருந்தேன். வாய்ஸ் மெயில் சரியாக இருந்ததும் நீங்கள் பையனைப் போய்க் கேட்டிருந்தால் அதற்கு நானும் காரணமாகியிருப்பேன். நல்லவேளை இங்கே வந்து எழுதினீர்கள்.

ஃபேக்ஸ் இணைப்பு என்பதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே போடுங்கள்.

2005 பிப்ரவரி 19

43 டாலர் 14 சென்ட் வரவு வந்துவிட்டதாம். ஒரே போனில் முடிந்துவிட்டது. ஃபேக்ஸ் என்றதும் எதிரில் இருந்தவர் வேறு கேள்வியே கேட்கவில்லையாம். பையனுக்கு மதுரையிலிருந்து கொண்டுவந்த சட்டையைக் கொடுத்தார்களாம். சந்தோஷம்.

என் எதிர் வீட்டுப் பையன் என்ன ஆனான் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். விஷயம் தெரிந்த அன்றே அவன் வீட்டுக்குப் போய், அவன் அப்பா அம்மா முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். அந்த வாய்ஸ் மெயிலை அவனுக்குக் கேட்க வைத்தேன். மூன்று தடவை கேட்டான். பிறகு எழுந்து போய் அவர்கள் வீட்டு பில்லை எடுத்து வந்து, இதையும் பாருங்கள் அங்கிள் என்றான். மாதம் 12 டாலர், ஏதோ இண்டர்நெட் சேவை என்று எட்டு மாதமாகப் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டில் அப்போது கம்ப்யூட்டரே கிடையாது. இருவருமாக உட்கார்ந்து கடிதம் எழுதினோம்.

சாவியை மட்டும் அவன் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்த தடவை ஊருக்குப் போனபோது கறிவேப்பிலை காய்ந்துவிட்டது.

2006 மார்ச் 18

ஒரு வருடம் கழித்து இதை மேலே கொண்டுவருகிறேன். போன மாதக் கடைசியில் வணிக மோசடிகளை விசாரிக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷன் தெற்கு ஃபுளோரிடா நீதிமன்றத்தில் ஒரு கும்பல்மேல் வழக்குப் போட்டிருக்கிறது. குற்றச்சாட்டு: நடக்காத கலெக்ட் கால்களுக்கு மக்களின் டெலிபோன் பில்லில் கட்டணம் போட்டார்கள். ஒவ்வொன்றும் சில டாலர்தான், மொத்தம் பல மில்லியன்.

நம் நண்பரின் ஃபேக்ஸ் இணைப்புக் கதை அப்படியே. நடுவில் இருக்கும் தரகர்களையும் வழக்கில் சேர்த்தால்தான் எனக்கு நிம்மதி. பட்டியல் கொடுத்தவன் பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த வாரம் வருவான். கதவு தரகரிடம் இருக்கிறது.

2011 ஜூலை 30

அமெரிக்க செனட் வணிகக் குழு, செனட்டர் ராக்ஃபெல்லர் தலைமையில், இந்த மாதம் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. டெலிபோன் பில் வழியாக வரும் மூன்றாமவர் கட்டணங்கள் வருடத்துக்குச் சுமார் 30 கோடி எண்ணிக்கை, 200 கோடி டாலருக்கு மேல். அதில் கணிசமானது ஏமாற்று. பில் அச்சடித்த கம்பெனிகளுக்கும் அதில் லாபம் வந்தது என்று எழுதியிருக்கிறார்கள்.

2003-ல் என்னிடம் பேசிய அந்தப் பெண்மணி, வீட்டில் விசாரியுங்கள் என்றது ஞாபகம் வந்தது. அவர் தலையில் போட முடியாது, முன்னால் எழுதி வைத்ததைப் படித்திருப்பார். எழுதிக் கொடுத்தவர்கள்மேல்தான் இன்னும் கோபம் இருக்கிறது. எத்தனை வீட்டில் எத்தனை பிள்ளைகளை, வேலைக்காரர்களை, வாடகைக்கு இருந்தவர்களைக் கேட்டிருப்பார்கள்.

2012 மே 6

எஃப்.சி.சி. போன மாதக் கடைசியில் புது விதி போட்டிருக்கிறது. டெலிபோன் கம்பெனி அல்லாத வெளியாரின் கட்டணங்கள் பில்லில் தனிப் பகுதியில், தனிக் கூட்டுத்தொகையோடு வர வேண்டும். தடை வசதி இருந்தால் அதை வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும். பெரிய கம்பெனிகள் சிலவும் வெளியார் கட்டணங்களை நிறுத்திவிடுவதாக மார்ச்சில் அறிவித்தன.

நல்லதுதான். ஆனால் கவனம்: இந்தத் தனிப் பகுதி விதி டெலிபோன் கம்பெனி அல்லாதவர்களுக்கு. கலெக்ட் கால் ஏற்பாடு செய்பவர்களும் டெலிபோன் கம்பெனிதான். லேண்ட்லைன் வைத்திருக்கும் பெரியவர்கள் வீட்டில் பில்லின் எல்லாப் பக்கத்தையும் முன்போலவே புரட்டுங்கள்.

2013 ஆகஸ்ட் 24

2005 ஜனவரி 17 அன்று நான் எழுதியதைத் திருத்த வேண்டும். சிறையிலிருந்து வரும் கலெக்ட் கால் அத்தனையும் ஏமாற்று என்று எழுதியிருந்தேன். அது தப்பு. *72 மோசடி உண்மைதான். ஆனால் சிறையிலிருந்து வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரு மகன் அம்மாவைக் கூப்பிடுவதுதான்.

அந்த அம்மாக்கள் கொடுத்த காசு என்ன தெரியுமா? 15 நிமிடம் பேச 17 டாலர் வரை போயிருக்கிறது. சிறைக்கு ஒரே ஒரு கம்பெனிதான் என்பதால் வேறு வழி கிடையாது. வாஷிங்டனில் மார்த்தா ரைட் என்ற பாட்டி, சிறையில் இருந்த பேரனோடு பேசக் கட்டுப்படியாகாமல் நீதிமன்றம் போனார், பிறகு 2003-ல் எஃப்.சி.சி.க்கு மனு போட்டார். என் 412 டாலர் பில்லுக்காக நான் 475-ம் படிவம் அனுப்பிய அதே வருடம். எனக்கு 26 நாளில் பதில் வந்தது. அவருக்கு இந்த மாதம் 9-ம் தேதிதான் வந்திருக்கிறது: மாநிலம் விட்டு மாநிலம் பேசும் கலெக்ட் காலுக்கு நிமிடத்துக்கு 25 சென்டுக்கு மேல் வாங்கக் கூடாது, முன்பணம் கட்டிப் பேசினால் 21.

அந்தப் பழைய குறிப்பைப் படித்து யாராவது தம் வீட்டுப் பிள்ளையின் அழைப்பை எடுக்காமல் இருந்திருந்தால், தயவுசெய்து எடுங்கள். இயந்திரம் பெயர் சொல்லும்வரை பொறுத்து, குரலைக் கேட்டு, தெரிந்த குரல் என்றால் ‘யெஸ்’ சொல்லுங்கள்.

2013 ஆகஸ்ட் 25

கேட்டவருக்கு: ஆமாம், அந்தக் குஜராத்திப் பையன்தான் நேற்று இதைப் படித்துவிட்டுப் போன் பண்ணினான். சியாட்டிலில் இருக்கிறான், கல்யாணம் ஆகிவிட்டது. அவனுக்குத் தமிழ் தெரியாது, மனைவி கோயம்புத்தூர்ப் பெண், அவள்தான் படித்துக் காட்டியிருக்கிறாள். அடுத்த மாதம் இருவரும் வருகிறார்கள். கறிவேப்பிலைக் கன்று ஒன்று வாங்கி வைக்கச் சொன்னான்.